செத்த நேரம், செத்த காலேஜ்

ஊர் சுற்றிக் காட்டுகிறவனுக்கு அந்த ஊரைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையை நீட்டத் தெரிந்தால் போதும். குரலை உயர்த்தத் தெரிந்தால் இன்னும் நல்லது. இருபது வயதில் இதை நான் உண்மையாகவே நம்பினேன். கொரட்டூரில் பிறந்து, கொரட்டூர் ஏரியில் நீச்சல் பழகி, சென்னைப் பட்டணத்துக்கு ஏழெட்டுத் தடவை போய்த் திரும்பிய ஒரே தகுதியில், "பட்டணமா? என் உள்ளங்கையில கீது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது எனக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. அதைவிட வேகமாக உவமைகள் அரும்பிக்கொண்டிருந்தன. மீசையையாவது வாரத்துக்கு ஒரு முறை நாவிதர் கவனித்தார்.

முதல் யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். என் அக்கா தனத்துக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை துரைசாமி ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு வில்லிவாக்கத்தில் தனியாகக் குடியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊர். எங்கள் சனம்தான், இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் தெற்கே போய் வயல் வாங்கித் தங்கிவிட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அவர் தூண்டிலோடு எங்கள் ஏரிக்கரைக்கு வந்துவிடுவார். மீன் பிடிக்கிற ஆளாகத் தெரியவில்லை. தக்கை முழுகினாலும் கவனிக்கமாட்டார். என் அக்காவோ ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துவைத்த துணியையே எடுத்துக்கொண்டு போய் மறுபடி துவைப்பாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அம்மாவுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. எனக்கு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. (நான் அந்தச் சமயத்தில் நிலாவைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.)

பேச்சு முடிந்து, பெரியவர்கள் சம்மதித்து, தாம்பூலம் மாற்றுகிற நாளும் குறித்தாகிவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி. மாப்பிள்ளையின் அத்தை தையல்நாயகியின் தலை அசைய வேண்டும். அந்த வீட்டில் கன்றுக்குட்டிக்குப் பெயர் வைப்பதானாலும் அவள் தலைதான் அசைய வேண்டுமாம். மாப்பிள்ளையின் அப்பா வைத்திலிங்கம் அவளுடைய தம்பி. பிறந்தது முதல் அக்காவுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றே ஒன்று: "அக்கா சொன்னா சரி." துரைசாமிக்கு முன்பு பார்த்திருந்த ஒரு பெண்ணை, தட்டு கைமாறுகிற நேரத்தில் பல்லி சத்தம் போட்டது என்று சொல்லி, வேண்டாமென்று எழுந்து வந்தவள் இந்த அத்தை. சகுனமும் தீட்டும் அவளுக்கு இரண்டு கண்கள்.

தெற்கேயிருந்து வருகிற அவர்களைக் காலையில் எழும்பூர் ஸ்டேஷனில் இறக்கி, பட்டணம் காட்டி, மத்தியான ரயிலில் அழைத்து வந்து, பொழுது சாய்வதற்குள் வீட்டில் சேர்க்கிற பொறுப்பு எனக்கு வந்தது. மாப்பிள்ளைக்கு அன்று பாதி நாள் பட்டறை. வேறு ஆள் இல்லாததால்தான் என்னிடம் கொடுத்தார்கள் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு அதை ஒரு பட்டாபிஷேகமாக எடுத்துக்கொண்டேன்.

புறப்படும்போது அக்கா என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"ஏழுமல, நீ வாயத் தொறக்காம இருந்தியானா இந்தக் கல்யாணம் நடக்கும்டா."

"இன்னாக்கா நீ, வழி சொல்றதுக்காவது தொறக்கணுமே?"

"வழிக்கு மட்டும் தொற. வர்ணிக்காத. உன் கால்ல வேணா வுழறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

இங்கே கதையை நிறுத்தி ஒரு சொல்லை விளக்கியாக வேண்டும். பட்டணத்தில் அப்போது ஜனங்களுக்குத் தெரிந்த காலேஜ்கள் இரண்டு. மூர்மார்க்கெட் பக்கத்துத் தோட்டத்தில் புலி, கரடி, குரங்கு எல்லாம் கூண்டில் உயிரோடு இருக்கும். அது உயிர் காலேஜ். எழும்பூர்க் காட்சிசாலையில் செத்துப்போன மிருகங்களை வைத்திருப்பார்கள். அது செத்த காலேஜ். அங்கே பாடம் நடத்துவதில்லை, பாடம் பண்ணி வைப்பார்கள். காட்சிசாலை என்று சொன்னால் ஜட்கா வண்டிக்காரருக்குப் புரியாது. செத்த காலேஜ் என்றால் அவருடைய குதிரைக்கே புரியும்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் 'செத்த' என்றால் 'கொஞ்சம்', 'சற்று நேரம்'. 'செத்த இரு', 'செத்த உக்காரு' என்பார்கள். இது எனக்குத் தெரியாது. காவேரியில் புறப்பட்ட ஒரு சொல் கூவத்துக்கு வந்து சேர்வதற்குள் செத்துப்போயிருக்கும் என்று யார் கண்டது?

ரயில் வந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் கல் மின்ன, கண்டாங்கிச் சேலையில் ஒரு தேர் மாதிரி அத்தை இறங்கினாள். பின்னால் வடம் மாதிரி வைத்திலிங்கம். கும்பிட்டேன். ஜட்கா பேசி ஏற்றினேன். வண்டி அசைந்ததும் கேட்டேன்:

"அத்தே, பட்டணத்துல உங்களுக்கு இன்னா பாக்கணும்னு ஆச?"

"கடல் பாக்கணும்னு இவன் சொல்றான். எனக்கு அதெல்லாம் இல்லை தம்பி. ஒரு காலேஜ் பாக்கணும்."

"இங்க ரெண்டு காலேஜ் கீது அத்தே. ரெண்டையுமே பாத்துடலாம்."

"ரெண்டு என்னத்துக்கு? செத்த காலேஜ் பாத்தா போதும்."

நான் அப்படியே மெய்சிலிர்த்துப் போனேன். பட்டணத்துக்கு வருகிற அத்தனை பேரும் குரங்கு பார்க்கத்தான் பறப்பார்கள். இந்த அம்மாளோ உயிரை ஒரு பக்கம் தள்ளி, செத்ததைப் பார்த்தால் போதும் என்கிறாள்! இது சாதாரண அத்தை இல்லை, ஞானி. இப்படிப்பட்ட ஒருத்தியிடமா என்னை வர்ணிக்கக் கூடாது என்றாள் அக்கா? மனசுக்குள் மரணத்தைப் பற்றி நாலு வரி அப்போதே கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் வைத்திலிங்கத்தின் ஆசைக்காகக் கடற்கரைக்குப் போனோம். வழியில் கோட்டை வந்தது. மதில், அகழி, பீரங்கி. "யாரு கட்டுனது தம்பி?" என்று கேட்டார் அவர். எனக்குத் தெரியாது. "காலம் கட்டியது" என்றேன். வண்டிக்காரர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்து ஹைகோர்ட்டு. அதன் உச்சிக் கலசத்திலேயே அப்போது கலங்கரை விளக்கமும் இருந்தது. "கோர்ட்டுக்கு மேல எதுக்கு விளக்கு?" என்றார். "நீதிக்கு வெளிச்சம் வேணுமே, அதான்" என்றேன். வண்டிக்காரரால் பொறுக்க முடியவில்லை.

"அய்ய, கப்பலுக்குப்பா அது! பெரியவரே, நீங்க அவர கேக்காதீங்க. என்னக் கேளுங்க."

கடல். அதை நான் விவரித்ததை இங்கே எழுதமாட்டேன். (அலைகளை வெள்ளைக் குதிரைகள் என்றேன். எங்கள் வண்டிக் குதிரை தும்மியது.) வைத்திலிங்கம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்க்க இரண்டடி வைத்தார். அத்தை அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"அமாவாசையா இன்னைக்கு? மத்த நாள்ல கடலைத் தொடக்கூடாதுடா. தூர நின்னு கும்பிட்டுக்க."

"அக்கா சொன்னா சரி" என்றார். வாழ்நாள் ஆசையை இருபது முழத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

செத்த காலேஜ் வாசலில் வண்டி நின்றது. சிவப்புக் கட்டிடம், வளைவு வளைவாக வாசல்கள், பெரிய மரங்கள். அத்தை இறங்கி ஏறிட்டுப் பார்த்து, "காலேஜுன்னா காலேஜ்தான்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு குனிந்தாள். வாசல் ஓரத்து மண்ணில் ஒரு பிடி அள்ளி, முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவளுக்கு ஊரில் ஒரு பேரன். மூன்றாம் வகுப்பிலேயே வேர்விட்டு நின்றுகொண்டிருந்தானாம். காலேஜ் வாசல் மண்ணை நெற்றியில் பூசினால் படிப்பு வரும் என்று யாரோ சொன்னார்களாம். எனக்கு இது எப்படித் தெரியும்? மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே போவோம் என்பதை எனக்குச் சொல்லாமல் சொல்கிறாள் என்று நினைத்தேன். என் கண்ணில் தண்ணீர் முட்டியது.

உள்ளே முதலில் கற்சிலைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கும்பிட்டாள். "பாத்தியாடா, காலேஜுக்குள்ளயே கோயில் வச்சிருக்கான்" என்று தம்பியிடம் மெச்சினாள். அடுத்த கூடத்துக்குப் போகிற வழியில் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"பசங்க எங்க தம்பி, ஒண்ணையும் காணும்?"

மிருகங்களைப் 'பசங்க' என்கிறாள்! என்ன ஜீவகாருண்யம்!

"உள்ள கீது அத்தே. வரிசையா நிக்கும்."

"சத்தமே இல்லையே. வாத்தியார் ரொம்பக் கண்டிப்போ?"

"எல்லாரையும் அடக்கற வாத்தியார் ஒருத்தர்தானே அத்தே" என்று எமனை மனத்தில் வைத்துச் சொன்னேன். அவள் பயபக்தியோடு தலையை ஆட்டினாள்.

கூடத்துக் கதவைத் தாண்டினோம். மேலே, கூரைக்குக் கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திமிங்கலத்தின் எலும்புக்கூடு. கவிழ்த்துப்போட்ட கப்பலின் விலா மாதிரி. அதன் கீழே யானையின் எலும்புக்கூடு. சுற்றிலும் கண்ணாடிக்குள் கண்ணாடிக் கண்களோடு பறவைகள், பாம்புகள். என் நேரம் வந்துவிட்டது. அக்கா முகம் ஒரு கணம் வந்து போனது. அதையும் தாண்டிக் கையை உயர்த்தினேன்.

"அத்தே! இதோ எமனுடைய கொலு மண்டபம்! இங்கே பறந்ததும் ஊர்ந்ததும் ஒன்று. யானையும் பூனையும் ஒன்று. நாமும் நாளைக்கு இந்த வரிசையில்..."

"தம்பி, செத்த நிறுத்து."

"ஆமா அத்தே, செத்ததத்தான் நிறுத்தி வச்சிக்கீறாங்க."

"என்ன சொல்றே? பசங்க எங்க?"

"இதுங்கதான் அத்தே பசங்க! திமிங்கலம், யானை, பாம்பு. செத்த காலேஜ்னா செத்ததுங்கதானே இருக்கும்?"

அவள் முகத்தில் அர்த்தம் ஏறுவதைப் பார்த்தேன். கிணற்று வாளி ஏறுகிற மாதிரி மெதுவாக, இடித்து இடித்து ஏறியது.

"செத்தன்னா... பொணமா?"

"பின்ன?"

அந்தக் கூடத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சத்தம் எழுந்திருக்காது. திமிங்கலத்தின் விலா எலும்பு ஒன்று அதிர்ந்ததாக வைத்திலிங்கம் பிற்காலத்தில் சத்தியம் செய்வார். அத்தை ஓடினாள். அவளுக்குப் பின்னால் தம்பி. அவருக்குப் பின்னால் நான். கற்சிலைகளைத் தாண்டி, கும்பிடாமல், வெயிலுக்கு வந்து விழுந்தோம்.

"தாம்பூலம் மாத்தப் போற அன்னைக்கு என்னை மசானத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டானே! செத்த நேரம் காலேஜ் பாப்போம்னா..."

"செத்த நேரமா?" என்றேன்.

"கொஞ்ச நேரம்டா, பாவி!"

அப்போதுதான் எனக்கும் வாளி மேலே வந்தது.

வண்டிக்காரர் புல்லுக்கட்டிலிருந்து எழுந்தார். "இன்னா நைனா, செத்த காலேஜ் பாத்தாச்சா? சீக்கிரம் வந்துகினீங்க. யம்மா, ஏன் இப்டி நடுங்கறே? இது செத்தது. அடுத்தது உயிரு. அங்க கொரங்கு கீது, மனசு தெளியும், ஏறு."

அத்தை கையை இடுப்புக்குக் கொண்டுபோனாள். மண் முடிச்சு! தீயைத் தொட்ட மாதிரி கையை உதறினாள்.

"அய்யோ, மசான மண்ணை மடியில வச்சிருக்கேனே!"

"யம்மா, என் வண்டியாண்ட கொட்டாத!" என்று குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டார் வண்டிக்காரர். "மிதிச்சிச்சுனா நாளிக்கி சவாரி போவாது."

எடுத்த மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும் என்பது தீர்ப்பு. அதைச் செய்ய வேண்டியவன் நான். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய், வாசல் ஓரத்தில் அத்தை பறித்த குழியைத் தேடி, கொட்டித் தட்டிக்கொண்டிருந்தபோது காவல்காரர் மேலே நின்றார்.

"இன்னாத்தப்பா பொதைக்கிறே?"

"மண்ணுங்க."

"மண்ணுலயா?"

"ஆமாங்க."

அவர் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்து, பெருமூச்சுவிட்டு, "போப்பா, ஊட்டுக்குப் போ" என்றார். அன்று முழுவதும் என்னிடம் அன்பாகப் பேசிய மனிதர் அவர் ஒருவர்தான்.

அடுத்தது குளியல். தலைமுழுகாமல் சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். குழாயடியைக் காட்டினேன். முழுகணும், ஊற்றிக்கொள்ளக் கூடாது. கடல்? அமாவாசை இல்லை. பக்கத்திலேயே பாலத்தடியில் ஓடிய கூவத்தைக் காட்டினேன். வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்: "அதுல முழுவுனா, முழுவுனதுக்கு இன்னொரு தபா முழுவணும் நைனா."

அப்போது என் மூளையில் ஒரு மின்னல் அடித்தது. (என் வாழ்க்கையில் இடி விழுந்த ஒவ்வொரு தடவையும் முதலில் இந்த மின்னல் வந்திருக்கிறது.)

"அத்தே! எங்க ஊர் ஏரி! தை மாசத்து ஏரி, தளும்பி நிக்குது. ஊட்டுக்குப் போறதுக்கு முன்ன அங்க முழுவிடலாம்."

அத்தை யோசித்தாள். தலை அசைந்தது.

ரயிலில் அவள் யாரையும் தொடாமல் மூலையில் நின்றுகொண்டே வந்தாள். வில்லிவாக்கத்தில் மாப்பிள்ளை துரைசாமி காத்திருந்தார். புதுச் சட்டை, புது வேட்டி, பட்டறை எண்ணெய் போகத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கைகள். ஓடி வந்து அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"தொட்டுட்டியா? நீயும் முழுகு" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு முட்டியது. அத்தையைப் பார்த்ததும் சிரிப்பு போய் முகம் வெளுத்தது. "மாமே," என்று என் காதில் சொன்னார். இரண்டு வருஷத்தில் எங்கள் பக்கத்துப் பேச்சு அவருக்கு ஒட்டியிருந்தது. "இது நடக்கலன்னா நான் உங்க ஏரியிலயே கீறேன்னு வச்சிக்க." ஞாயிற்றுக்கிழமை மீனவர் மாட்டு வண்டி பேசப் போனார்.

மாட்டு வண்டியில் கொரட்டூருக்குள் நுழைந்தோம். எங்கள் வீட்டு வாசலில் தோரணம், கோலம். அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அப்பா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு இரண்டடி முன்னால் வந்தார். தீட்டோடு வாசலில் நின்று பேசக்கூடாது என்று அத்தை உத்தரவு போட்டிருந்தாள். வண்டி நிற்கவில்லை. எல்லோரும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, வண்டி வீட்டைத் தாண்டிப் போனது. அப்பாவின் கும்பிட்ட கை அப்படியே வண்டியோடு திரும்பியது.

"வரோம்பா!" என்று மட்டும் கத்தினேன்.

ஏரியில் நாலு பேரும் கட்டிய துணியோடு முழுகினோம். தை மாசத்துச் சாயங்கால ஏரியை அறிந்தவர்களுக்கு அந்தக் குளிரைச் சொல்ல வேண்டாம். வானம் செம்பருத்தியாக இருந்தது, நாரைகள் அணிவகுத்துப் போயின, நான் ஒரு உவமையும் சொல்லவில்லை. அவ்வளவு குளிர்.

வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கண்ணப்பன் கரையில் நின்றுவிட்டார். நாலு பேர், மாற்றுத்துணி இல்லாமல், பொழுது சாய்கிற நேரத்தில், கும்பலாகத் தலைமுழுகினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"டேய் ஏழுமல! இன்னாடா இது? இன்னா ஆச்சு?"

செத்த காலேஜ் போய்வந்தோம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முதல் சொல்லோடு பல் கிட்டிவிட்டது.

"செ... செ... செத்த..."

"அய்யய்யோ!" என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் ஊர்ப்பக்கமிருந்து ஒப்பாரி கேட்டது. எங்கள் பெரியம்மா தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வந்து, ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். யார் போனது என்று அம்மாவுக்குத் தெரியாது, பெரியம்மாவுக்கும் தெரியாது. வந்த வண்டி நிற்காமல் போனதை நினைத்து அம்மாவும் அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தை அதைக் கேட்டாள். சேலையைப் பிழிந்தாள்.

"போதும். எலும்பு பாத்தாச்சு, இழவுச் சத்தமும் கேட்டாச்சு. வண்டியைத் திருப்பச் சொல்லு. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

துரைசாமி தண்ணீருக்குள் அப்படியே நின்றார். வைத்திலிங்கம் வாயைத் திறந்தார். அந்த ஒரே வாக்கியம் வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அத்தே, மொதல்ல கரைக்கு வாங்க. ஒடம்பெல்லாம் நடுங்குது."

அக்காவின் குரல். கண்ணைத் திறந்தேன். தலை நிறையப் பூ, புதுப் பட்டு, கையில் உலர்ந்த துணி மூட்டை. மணப்பெண் தனியாக ஏரிக்கரைக்கு வந்து நிற்கிறாள்.

"யாரு நீ?"

"நான்தான் அத்தே பொண்ணு. தட்டு மாத்தறதும் மாத்தாததும் அப்பறம். இந்தச் சேலயக் கட்டிக்குங்க. காய்ச்சல் வந்துடும்."

அத்தை கரையேறினாள். அக்கா துண்டால் மறைத்துப் பிடித்துச் சேலை மாற்றிவிட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்:

"எதுக்கு அத்தே முழுவுனீங்க? இன்னாதான் செத்துப்போச்சு?"

"உன் தம்பியக் கேளு. என்னமோ மீனாம். வீடு தண்டிக்கு எலும்பு."

"மீனா?" அக்கா துவட்டுவதை நிறுத்தினாள். "மீன் முள்ளுக்கா தல முழுவுனீங்க? அப்டிப் பாத்தா எங்க ஊட்ல தெனம் சோறு தின்னு முடிச்சிட்டு ஏரிக்கு ஓடணும் அத்தே. கெண்டை முள்ளுன்னா கைய கழுவறோம். இது பெரிய மீனு, ஏரில முழுசா கழுவிட்டீங்க. அவ்ளோதானே?"

அத்தை மூக்குத்தியைத் திருகிச் சரிபார்த்துக்கொண்டாள்.

"ஆனையும் இருந்துச்சுடி" என்றாள் கடைசியில். குரலில் பழைய வேகம் இல்லை.

"ஆனை புள்ளையாரு அத்தே. அத்தப் பாத்துட்டு வந்தா தீட்டா?"

"இழவுச் சத்தம்?"

"பொண்ணு பொறந்த ஊட்ட வுட்டுப் போறப்ப அழுவாங்கல்ல? எங்க பெரிம்மாவுக்கு எதுலயும் அவசரம். முன்னாடியே அழுதுட்டா."

அப்போது தண்ணீரிலிருந்து ஒரு குரல் வந்தது. வைத்திலிங்கம். பல்லுக்குப் பல் தாளம் போட, ஜென்மத்தில் முதல் தடவையாக அக்காவுக்கு வேறு பதில் சொன்னார்.

"அக்கா, நேத்து ராத்திரி ரயில்ல கட்டுச்சோத்துக்கு நீ கருவாடு தின்னியே. அதுவும் செத்த மீனுதானே?"

அத்தை அவரை முறைத்தாள். என்னை முறைத்தாள். அக்காவின் முகத்தை மட்டும் முறைக்காமல் பார்த்தாள், நீளமாக. பிறகு வயிறு முதலில் குலுங்கியது. அப்புறம் தோள். கடைசியில்தான் சிரிப்பு வாய்க்கு வந்து சேர்ந்தது. ஏரியில் உட்கார்ந்திருந்த கொக்கெல்லாம் எழுந்து பறக்கிற சிரிப்பு.

"டேய் துரை," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவ இல்லாம நம்ம வீட்டுக்கு ஆகாதுடா."

இருட்டுவதற்குள் தட்டு மாறியது. அழ வந்த பெண்களே அழுத கண்ணோடு குலவை போட்டார்கள். அக்கா கொண்டுவந்த மூட்டையில் எனக்கு மட்டும் துணி இல்லை. ஈர வேட்டியோடு கூடத்தில் நின்று, நல்ல நேரத்தில் தும்மல் வரப்போகிற முகத்தைக் காட்டியதால், அப்பா என்னைக் கழுத்தைப் பிடித்து மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய் விட்டார். என் அக்காவின் நிச்சயதார்த்தத்தை ஒரு எருமையின் முதுகுக்கு மேலாகப் பார்த்தேன். எருமை கதகதப்பாக இருந்தது. அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை கண்ணும் சேர்ந்து. குறை ஒன்றும் இல்லை.

இதெல்லாம் நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்காவின் மூத்த மகனுக்குப் போன தையில் தஞ்சாவூர்ப் பக்கம் நிச்சயம் செய்தார்கள். எனக்கு இப்போது மூட்டு வலி. பொழுது சாய்கிற நேரத்தில் எல்லோரும் துண்டோடு ஆற்றுக்குக் கிளம்பினார்கள். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், புரோகிதர், எல்லோரும்.

"எங்கடா?" என்றேன் மருமகனிடம்.

"தெரியாதா மாமா? தாம்பூலத்துக்கு முன்னாடி ரெண்டு வீட்டாரும் கட்டுன துணியோட ஒண்ணா முழுகணும். நம்ம குடும்பத்துல காலங்காலமா இருக்குற சம்பிரதாயம். தையல்நாயகிப் பாட்டி இதுல ரொம்பக் கண்டிப்பு."

பக்கத்தில் நடந்துகொண்டிருந்த புரோகிதர் எனக்காக விளக்கினார். இரண்டு குலமும் ஒரே தீர்த்தத்தில் கலப்பது இதன் தாத்பரியம். இதற்குச் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது. கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான்.

நான் திரும்பிப் பார்த்தேன். கரையில் ஒரு கட்டில் போட்டு, கம்பளி போர்த்திக்கொண்டு, காது கேட்காத வயதில் தையல்நாயகி அத்தை மேற்பார்வை செய்துகொண்டிருந்தாள். துரைசாமி மச்சான் ஆற்றைப் பார்க்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முந்தானையை எடுத்துவிட்டுக் குரல் கொடுத்தாள்:

"நல்லா முழுவுடா ஏழுமல! சாஸ்திரம்!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினேன்.